தாவூதின் கோப்புறை

குறுவைக் கொள்முதல் முடிந்து
நிலையத்தைப் பூட்டிய மறுநாள்
முத்துப்பேட்டைக்குப் போய் வாங்கி வந்தேன்
ஒன்பதாயிரத்துக்கு ஒரு பழைய மடிக்கணினி.
விற்றவள் ஹிதாயா.
அண்ணன் ஷார்ஜா போய்விட்டானாம்.
பேட்டரி நாற்பது நிமிடம் நிற்கும்,
‘ஏ’ விசையை மட்டும் அழுத்தி அடிக்கணும் என்றாள்
மாட்டுக்குச் சுழி சொல்வதுபோல.

திறந்தால்
வணக்கம் தாவூது என்கிறது.
நான் தாவூது இல்லை.
கோட்டூர்ப் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
பருவம் முடிந்தால் நானும் முடிந்தேன்.
தையில் முளைப்பேன்,
கூப்பிட்டால்.

நிரல் எழுதக் கற்க
முதலில் பைத்தானை நிறுவு என்றது பாடம்.
பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்றேன்.
அக்கா மகன் கட்டிலில் காலைத் தூக்கிக்கொண்டான்.
இதே வீட்டுக்குள்
ஐப்பசி மழைக்குக் கட்டுவிரியன் வந்து போகிறது,
யாரும் நிறுவாமலே.

அன்றைய டேட்டாவை அவன் ரீல்ஸ் பார்த்தே
தீர்த்திருந்தான்.
நள்ளிரவு பன்னிரண்டுக்கு அடுத்த நாள் பங்கு வரும்.
எங்கள் ஊர் கடைமடை.
தண்ணீரானாலும் சிக்னலானாலும்
முறை வந்த பிறகும் காத்திருக்கணும்.
கைப்பேசியைப் பாலித்தீன் பையில் கட்டி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.
மழை அதன்மேல் தட்டிக்கொண்டிருந்தது.

பச்சைக் கோடு நகர்ந்தது.
ஒன்பது. பதிமூன்று.
பதினேழு விழுக்காட்டில் நின்றுவிட்டது.
சிரித்துவிட்டேன்.
பதினேழு ஈரம் என்றால் எங்களிடம் மூட்டை ஏறும்.
பதினெட்டு என்றால்
பரப்பிக் காயப்போடு என்று நானே சொல்லியிருக்கிறேன்,
கண்ணைப் பார்க்காமல்,
முப்பது மூட்டையோடு நின்ற ஒருவரிடம்,
மேற்கே கருக்கும்போது.
அவர் எதுவும் பேசவில்லை.
ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.
‘டக்’கென்று எனக்கே கேட்டது.
கருவிக்குக் கேட்கவில்லை.

மின்சாரம் போன பிறகு இறங்கி முடிந்தது.
நாற்பது நிமிடம் ஓடத் தொடங்கியது.
கருப்புச் சன்னலில் அதன் பெயரை அடித்தேன்.
உள் கட்டளையாகவோ வெளிக் கட்டளையாகவோ
அடையாளம் காணப்படவில்லை என்றது.
போனஸ் கேட்டுப் போன அன்று
மண்டல அலுவலகத்தில் எனக்கும்
ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் நீக்கி மறுபடி தொடங்கினேன்.
அடியில், கொசு அளவில், ஒரு கட்டம்.
‘பாதையில் சேர்.’
முதல் தடவை பார்க்காமலே தாண்டியிருக்கிறேன்.
வாய்க்கால் நிறையத் தண்ணீர்,
வாமடை வெட்டவில்லை, அவ்வளவுதான்.
கட்டத்தைத் தொட்டேன், குறி விழுந்தது.
எங்கே நிறுவுகிறேன் என்று காட்டியது:
பயனர்கள், தாவூது, அதற்குள் இன்னும் நாலைந்து அறை.
நான் படிக்கப்போகிற அத்தனையும்
அவன் பேரில் கிடக்கும்.
கிடக்கட்டும்.
நாங்கள் உழுகிற நாலு மா கோயில் பேரில்,
குத்தகை ரசீது
செத்துப்போன பெரியப்பா பேரில்.
நெல் மட்டும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது.

இந்தத் தடவை பதில் வந்தது.
மூன்று கூர்முனைகள்,
மூட்டையில் செருகி இழுக்கும் குத்தூசி போல,
பக்கத்தில் துடிக்கிற ஒரு கோடு.
என்ன கேட்பது என்று தெரியவில்லை.
கடைசி நாள் பட்டியல்தான் ஞாபகம் வந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை, பெருக்கல் நாற்பது.
16480.
நான் மூன்று தடவையும்
கண்காணிப்பாளர் ஒரு தடவையும் போட்ட கணக்கு.
கையெழுத்து யாருடையது என்று அது கேட்கவில்லை.

பேட்டரி ஆறு நிமிடம் என்றது.
மேற்கோள் குறிக்குள் என் பெயரை
ஆங்கிலத்தில் அடித்தேன்,
செங்கமலம்.
மூன்று ‘ஏ’வும் விழவில்லை.
விழாத பெயரை
அப்படியே திருப்பிச் சொன்னது.

விரலை நன்றாக ஊன்றி
மறுபடி அடித்தேன்.